கல்கத்தாவின் முயலும் பிலடெல்பியாவின் பேரேடும்

மயக்கத்தில் கிடக்கிறது ஒரு முயல். வயிற்றைச் சிறிதளவு திறந்து சிறுகுடலை வெளியே எடுக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை மட்டும் அளந்து, இரண்டு முனைகளிலும் நூலால் இறுகக் கட்டுகிறார்கள். இப்போது அந்தப் பகுதி இருபுறமும் வாய் கட்டிய பை. ஊசி வழியாக அதற்குள் காலராக் கிருமிகளைச் செலுத்தி, குடலைப் பழையபடி உள்ளே வைத்துத் தையல் போடுகிறார்கள். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தப் பை உப்பிப் புடைத்திருக்கிறது. உள்ளே நிறைந்திருப்பது அரிசி களைந்த கழுநீர் போன்ற திரவம். காலரா கண்ட மனிதரின் உடலிலிருந்து லிட்டர் லிட்டராக வெளியேறி, ஒரே நாளில் அவரைச் சருகாக்கிவிடுகிற அதே நீர்.

1953இல் கல்கத்தாவில் இந்தச் சோதனையைச் செய்து காட்டியவர் சம்பு நாத் தே. ஹூக்ளி மாவட்டக் கிராமம் ஒன்றில் 1915இல் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து, லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, ஊர் திரும்பி நோயியல் கற்பித்துக்கொண்டிருந்தார். கையில் பெரிய கருவிகள் எதுவும் இல்லை. முயலும் நூலும் ஊசியும் போதுமானதாக இருந்தன.

இந்தச் சோதனையின் அருமை புரிய வேண்டுமானால் 1884க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அதே கல்கத்தாவில்தான் ராபர்ட் கோக், காலராவுக்குக் காரணம் காற்புள்ளி போல் வளைந்த ஒரு பாக்டீரியா என்று உறுதிசெய்தார். அது ஏதோ ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்றும் அவர் கருதினார். பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நஞ்சைத் தவறான இடத்தில் தேடினார்கள். கிருமி செத்து உடையும்போது வெளிப்படும் நஞ்சு இரத்தத்தில் கலந்து ஆளைக் கொல்கிறது என்று நம்பி, விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். விலங்குகள் செத்தன. ஆனால் காலராவுக்கே உரிய கழுநீர்ப்போக்கு வரவில்லை. தே கிருமியை அது வாழும் இடத்திலேயே, குடலுக்குள்ளேயே வைத்தார். 1915இல் இருவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஒரு சிறு குறிப்பில் ஏறக்குறைய இதே சோதனை இருந்தது. யாரும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகவில்லை. அது மறந்தே போயிற்று.

1959இல் தே அடுத்த அடி எடுத்து வைத்தார். காலராக் கிருமி வளர்ந்த ஊடகத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத திரவத்தை மட்டும் முயலின் குடல் பைக்குள் செலுத்தினார். அப்போதும் பை நிறைந்தது. கிருமி சுரந்து வெளியே விடும் நஞ்சே குடலிலிருந்து நீரை இழுத்துக் கொட்டுகிறது என்பது அத்துடன் தெளிவாயிற்று. இரண்டே பக்கங்களில் அடங்கிய அந்தக் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. அதே ஆண்டு பம்பாயில் ஹாஃப்கின் நிறுவனத்தைச் சேர்ந்த என்.கே. தத்தாவும் அவர் தோழர்களும், முயல் குட்டிகளை வைத்துத் தனி வழியில் இதையொட்டிய முடிவுக்கு வந்திருந்தார்கள்.

காலரா ஆய்வின் போக்கையே திருப்பிய கட்டுரை தேயுடையது. ஆனால் வெளிவந்த புதிதில் அதை எடுத்துப் பேசியவர்கள் மிகச் சிலரே.

எடுத்துப் பேசியவர்கள் சிலரே என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு பேரேடு இருக்கிறது. அதைத் தொடங்கியவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்ட். வேதியியல் படித்து, பிறகு நூலகவியலும் படித்தவர். அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதலே ஒரு பட்டியலைப் பயன்படுத்தி வந்தார்கள். ஒரு பழைய தீர்ப்பைப் பின்னாளில் எந்தெந்த வழக்குகளில் எடுத்துக்காட்டினார்கள், எங்கே மறுத்தார்கள் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அறிவியலுக்கும் அப்படி ஒன்று வேண்டாமா என்று கார்ஃபீல்டுக்குத் தோன்றியது. 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் அந்த யோசனையை எழுதினார். 1964இல் முதல் ‘அறிவியல் மேற்கோள் அட்டவணை’ அச்சாகி வந்தது. 613 இதழ்களைப் படித்து, 14 லட்சம் மேற்கோள்களை அதில் தொகுத்திருந்தார்கள்.

ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையின் கடைசியிலும், அது எந்தெந்த முந்தைய கட்டுரைகளின் துணையோடு எழுதப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல் பின்னோக்கிப் பார்ப்பது. கார்ஃபீல்ட் அதைத் திருப்பிப் போட்டார். 1959இல் வந்த ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின் வந்தவர்களில் யார் யார் அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று முன்னோக்கிப் பார்க்க முடிந்தது. தமிழ் படித்தவர்களுக்கு இதன் வலிமையை விளக்கத் தேவையில்லை. வளையாபதி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. தொகுப்பு நூல் ஒன்றிலும் உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் ஒட்டிக்கொண்டிருந்த பாடல்களை வைத்தே அப்படி ஒரு காப்பியம் இருந்ததை அறிகிறோம். ஒரு நூலைப் பின்வந்தவர்கள் எடுத்தாண்ட தடயம், நூலே அழிந்த பிறகும் பேசுகிறது.

கார்ஃபீல்டின் நோக்கம் தேடலை எளிதாக்குவது. ஆனால் யார் எதை மேற்கோள் காட்டினார்கள் என்று தெரிந்தால், எத்தனை முறை என்று எண்ணவும் முடியும். எண்ணத் தொடங்கியதும் எதிர்பாராத ஒரு பெயர் உச்சியில் வந்து நின்றது.

ஆலிவர் லௌரி என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழியை 1951இல் எழுதினார். ‘நேச்சர்’ இதழ் 2014இல் வெளியிட்ட கணக்குப்படி அந்த ஒரு கட்டுரைக்கு மேற்கோள்கள் 3 லட்சத்துக்கும் மேல். அதே கணக்கில் முதல் 100 இடங்களுக்குள் வர 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை அந்த நூறில் இல்லை. பட்டியலில் பெரும்பகுதி, எதையாவது அளக்கவோ பிரிக்கவோ கணக்கிடவோ வழி சொல்லும் கட்டுரைகள். ஆய்வகத்தில் அந்த முறையில் புரதத்தை அளந்தவர் எல்லாம் லௌரியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். தன் கட்டுரை அப்படியொன்றும் மகத்தானது அல்ல என்று லௌரியே பின்னாளில் எழுதினார்.

லௌரிக்கு முன்பே சென்னையோடு தொடர்புள்ள ஒரு பெயர் இந்த வரிசையில் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்திச் சென்றதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் அதற்கும் கீழான ஒரு சான்றிதழோடு வெளியேறியவர். 1923இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். பாஸ்பேட் அதிகம் இருந்தால் நீலம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். அந்த நிறத்தை வைத்து அளவைச் சொல்லிவிடலாம். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பாடநூல்களில் ஏறி, பல்லாயிரம் ஆய்வகங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. மேற்கோள்களும் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆனால் சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. 1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் வழிநடத்திய குழுக்கள் ஃபோலிக் அமிலத்தைத் தயாரிக்கும் வழியைக் கண்டன. ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்தையும் உருவாக்கின. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவாவது பின்வாங்க வைக்க முடியும் என்று சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டியது அந்த மருந்தை வைத்துத்தான். மருந்து நிறுவனத்துக்குள் நடந்த வேலையில் அவர் பங்கு எவ்வளவு என்பதை மேற்கோள் அட்டவணையை மட்டும் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. நீல நிறத்தை அளந்தது அதில் இருக்கிறது, பிள்ளைகளின் உயிரை நீட்டித்த மருந்தில் அவர் கை இருந்தது அதே அளவுக்குத் தெரிவதில்லை.

எண்ணிக்கையின் இன்னொரு முகம் இதைவிடக் கவலை தருவது.

1980 ஜனவரி 10 அன்று ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. பாஸ்டனில் ஒரு மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் பணியாற்றிய இருவர் எழுதியது. மருத்துவமனைகளில் சேர்ந்திருந்தபோது அபினி வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரின் பதிவுகளைப் பார்த்ததில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நால்வர் மட்டுமே அந்த மருந்துக்கு அடிமையானதாகத் தெரிகிறது என்பது செய்தி. மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கண் முன்னே, சில நாள்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து அது. வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் விழுங்குவதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்து ஆக்சிகான்டின் என்ற அபினி வகை வலி மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதன் பிறகு இந்தக் கடிதத்தின் மேற்கோள்கள் கிடுகிடுவென ஏறின. கனடா ஆய்வாளர்கள் 2017இல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்கள். மொத்தம் 608 மேற்கோள்கள். அவற்றில் 72 சதவீதத்துக்கு மேல், இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாக அந்தக் கடிதத்தைக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை சொல்லவே இல்லை. 1999 முதல் 2019 வரை அமெரிக்காவில் அபினி வகை மருந்துகளும் போதைப் பொருள்களும் அளவு மீறிப்போய் இறந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அந்தப் பேரழிவுக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதியது. ஐந்து வாக்கியம் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நூற்றுக்கணக்கான மருத்துவ எழுத்தாளர்கள் செலவழிக்கவில்லை என்பதை எளிதில் மன்னிக்க முடியவில்லை.

லௌரியின் கட்டுரையையும் இந்தக் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு 600 மேற்கோள் என்றால், அதைப் பலர் கையாண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி. சான்றாகவா, கருவியாகவா, மறுப்பதற்காகவா என்பதை எண் சொல்லாது. தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டு ‘லான்செட்’ கட்டுரையை, அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அதற்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. பெரும்பாலானவை அதைக் கண்டிக்கவே குறிப்பிட்டவை. எண்ணிக்கையில் அவையும் சேர்ந்துவிடும்.

இந்த எண்ணை ஆளை அளக்கும் கோலாக மாற்றியது 2005இல் வந்த எச் குறியீடு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தது. கணக்கு எளியது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்க வேண்டும். பத்துக் கட்டுரைகளுக்குத் தலா பத்து மேற்கோளாவது இருந்து, பதினோராவதற்குப் பதினொன்று இல்லை என்றால் அவருடைய எச் குறியீடு 10. ஒரே ஒரு கட்டுரை அதிர்ஷ்டத்தில் உயர்ந்துவிட்டாலும் இது ஏமாறாது, யாரும் தொடாத கட்டுரைகளை நூறு நூறாக எழுதிக் குவித்தாலும் ஏமாறாது. அந்த வகையில் இது கெட்டிக்காரத்தனமான எண். ஆனால் வாழ்நாளில் மூன்றே கட்டுரை எழுதி, மூன்றும் ஆயிரம் ஆயிரம் மேற்கோள் பெற்றாலும் அவருடைய எச் குறியீடு 3தான். வயது ஏற ஏற இது கூடுமே தவிரக் குறையாது. ஓய்வு பெற்ற பின்னும் கூடும், இறந்த பின்னும் கூடும். மருத்துவத்தில் ஒரே கட்டுரைக்கு முப்பது, நாற்பது பெயர்கள்கூட இருப்பதுண்டு. கணிதத்தில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். இதயநோய் மருத்துவரின் 40ஐயும் கணிதவியலாளரின் 15ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இதழ்களை அளக்கும் இம்பாக்ட் ஃபேக்டரின் கதையும் இதுதான். ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு பெற்ற மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. நூலகங்கள் எந்த இதழை வாங்கலாம் என்று தீர்மானிக்க உதவும் எண், நாளடைவில் எந்த ஆசிரியருக்குப் பதவி உயர்வு தரலாம் என்று தீர்மானிக்கும் எண்ணாகிவிட்டது. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து ஒரு மாணவிக்கு மதிப்பெண் போடுவது போன்றது இது. எண்ணுக்குப் பதவி கிடைக்கும் என்றதும் எண்ணை உயர்த்தும் வழிகளும் பிறந்தன. ஒருவர் கட்டுரையை மற்றவர் சொல்லிவைத்து மேற்கோள் காட்டுவது, தன் கட்டுரையைத் தானே திரும்பத் திரும்பக் காட்டுவது என. பிரேசிலின் நான்கு இதழ்கள் கூட்டுச் சேர்ந்து இப்படிச் செய்ததற்காக 2013இல் தரப்பட்டியலிலிருந்து இடைநிறுத்தப்பட்டன. இதழின் எண்ணை வைத்துத் தனி ஆளின் ஆய்வை மதிப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் அதே 2013இல்தான் வெளியானது.

இரண்டு ஆண்டு என்ற அந்தச் சாளரத்தை மீண்டும் கவனிக்கலாம். எம்ஆர்என்ஏவை உடல் எதிர்க்காதபடி மாற்றும் வழியைக் கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005இல் எழுதியபோது ‘நேச்சர்’ அதை ஏற்கவில்லை. ‘இம்யூனிட்டி’ இதழில் வந்தபோதும் பெரிய அசைவு எதுவும் இல்லை. கரிக்கோ அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கம் கண்டிருந்தார். நோபெல் பரிசு 2023இல் வந்தது. நடுவில் அந்த வழியில் உருவான கோவிட் தடுப்பூசி கோடிக்கணக்கான தோள்களில் இறங்கியிருந்தது.

தேயின் கட்டுரையும் தூங்கித்தான் எழுந்தது. 1960களில் காலரா ஆய்வு மறுபடி சூடுபிடித்தபோது, முயலின் குடல் பை உலகெங்கும் ஆய்வகங்களின் அன்றாடக் கருவியாயிற்று. அதே முறையைக் கொண்டு ஈ.கோலி பாக்டீரியாவின் சில வகைகளும் பேதி உண்டாக்குவதைத் தேயும் அவருடைய கூட்டாளிகளும் 1956இலேயே காட்டியிருந்தார்கள். பயணிகளையும் குழந்தைகளையும் தாக்கும் பேதிக்கு அந்தக் கிருமி பெரிய காரணம் என்பதைப் பிறகு வந்தவர்கள் உறுதிசெய்தார்கள். 1969இல் ரிச்சர்ட் ஃபிங்கல்ஸ்டீன் குழு காலரா நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது. நஞ்சு குடல் செல்களைக் கிழிப்பதில்லை, அவற்றின் நீர்க்குழாயைத் திறந்துவிட்டு மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது என்பது புரிந்தது. செல் சிதையாமல் இருப்பதால் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சும் அதன் திறமை அப்படியே இருக்கும். உப்பு சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதன் காரணம் இதுவே. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், திலீப் மகலனாபிஸ் அந்தக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலந்து உறவினர்கள் கையாலேயே ஊட்டச் செய்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கி, ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் குழந்தைக்கு ஸ்பூனில் புகட்டும் தாய் எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. பிழைத்த குழந்தையை எண்ண எந்த அட்டவணையிலும் நிரல் இல்லை.

தே 1973இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை, பெரிய விருது எதுவும் அவர் வாசலுக்கு வரவில்லை. நோபெல் பெற்ற மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் அவருடைய பெயரை நோபெலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்திருந்தார். அதுவும் கிடைக்கவில்லை. 1978இல் நோபெல் அறக்கட்டளை காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. தான் 1960களின் தொடக்கத்திலேயே செத்துவிட்டதாகவும், இந்த அழைப்பு தன்னைத் தோண்டி எடுத்ததாகவும், அந்த இரண்டு நாள்களில் மீண்டும் உயிர் வருவதுபோல் உணர்வதாகவும் அவர் அங்கே பேசினார்.

பிலடெல்பியாவில் கார்ஃபீல்ட் தன் பேரேட்டைத் திறந்து, காலரா ஆய்வின் கிளைகளை மேற்கோள் மேற்கோளாகப் பின்தொடர்ந்தார். யார் யாரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று வரைபடமாகவே போட்டார். கிளைகள் போய்ச் சேர்ந்த அடிமரத்தில் 1953, 1959 ஆகிய ஆண்டுகளின் அந்த இரண்டு கட்டுரைகள் இருந்தன. தொடக்கத்தில் மெதுவாகக் கிளம்பியவை என்பதையும் அவர் குறித்தார். கல்கத்தாவின் சம்பு நாத் தே என்று தலைப்பிலேயே ஊரையும் பெயரையும் போட்டு அதை எழுதினார். அது அச்சாகி வந்தது 1986இல். தே 1985 ஏப்ரல் 15 அன்று இறந்திருந்தார்.